பாடம் செய்ய ஊசி மருந்து என்று ஒன்று கிடையாது

செத்த பறவையையும் விலங்கையும் உயிரோடு இருப்பதுபோல் பாடம் செய்து வைப்பது என் தொழில். ஊசி போட்டுக் கெடுத்த உடம்பைத் தூக்கி வருவது இந்த ஜனவரியில் இது மூன்றாவது. போன திங்கட்கிழமை, தென்னாப்பிரிக்காவின் மாரிட்ஸ்பர்க்கில் என் பட்டறையைத் திறக்கும்போதே சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஷூ பெட்டி. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய சாம்பல் கிளி. அவனுடைய ஆயா இருபது வருடத்துக்கு மேல் வளர்த்தது. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் வாங்கி வயிற்றிலும் கழுத்திலும் ஊசியால் ஏற்றி, நான்கு நாள் தகரக் கூரைமேல் காயவைத்திருக்கிறான். நான் கழுத்தை லேசாகத் தொட்டேன். இறகு கொத்தாக விரலோடு வந்தது. அடியில் தோல் பச்சை பூத்திருந்தது.

"அண்ணே, நல்ல மருந்தா ஏதாவது போட்டுக் காப்பாத்துங்க" என்றான்.

அப்படி ஒரு மருந்து இல்லை. எத்தனை பேரிடம்தான் இதைச் சொல்வது? பாடம் செய்த மானுக்குள் மான் இல்லை. கிளிக்குள் கிளி இல்லை. உள்ளே ஈரல் இல்லை, குடல் இல்லை, சதை இல்லை, மூளை இல்லை. நீங்கள் பார்ப்பது தோல் மட்டும். பறவையாக இருந்தால் அதோடு மண்டையும் அலகும் இறக்கை எலும்பும் கால் எலும்பும் இருக்கும். மற்றதெல்லாம் நாங்கள் செய்து வைப்பது. மானுக்கு ஃபோம் உருவம், பறவைக்கு நூல் சுற்றிய மரச்சீவல் நார், கண்ணுக்குக் கண்ணாடி. முழு உடம்பையும் அப்படியே வைத்து ஊசி போட்டால் சதை சுருங்கும், முகம் உள்வாங்கும், கொழுப்பு கசியும். மருந்து எட்டாத இடம் அழுகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. அதைச் சமையலறை மேசையில் வைத்துச் சிரிஞ்சில் இழுக்கிறார்கள். பக்கத்திலேயே குழந்தை சாப்பிடுகிறது.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்டனே-லாட்டிமர் கண்டெடுத்த சீலகாந்த் மீனை, எப்போதோ அழிந்துபோனதாக நினைத்திருந்த அந்த ஆதிகால மீனை, இங்கே எல்லாரும் அறிவார்கள். கோடை வெயில், மீன் கெட ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் பாடம் செய்பவரிடம் கொடுத்தார். அந்த மீன் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் உள்ளுறுப்புகள் அப்போதே போய்விட்டன. இரண்டாவது சீலகாந்த் கிடைக்க 1952 வரை விஞ்ஞானிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் தொழில் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கற்றுக்கொள்ள ஆசைப்படுவதை நான் குறை சொல்லவே இல்லை. சந்தோஷம்தான். ஆனால் ஆயாவின் கிளியில் ஆரம்பிக்காதீர்கள். கெட்டால் திரும்ப வராத ஒன்றில் கை பழகக் கூடாது. புறாவும் வேண்டாம். தோல் மெல்லிசு, கை பட்டாலே இறகு உதிரும். சேவலின் கொண்டை காய்ந்தால் சுருங்கிவிடும், வாத்தில் கொழுப்பு எடுத்து மாளாது. என் கணக்கில் முதல் பறவை மைனா. இந்தியாவிலிருந்து வந்து இங்கே பெருகி, இன்றைக்கு அந்நிய ஊடுருவல் இனப் பட்டியலில் இருக்கும் அதே மைனாதான். தோல் கெட்டி, இறகு பிடிப்பாக இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் மோதி உங்கள் கண்முன் விழுந்தது என்றால் எடுக்கலாம். ஏன் செத்தது என்று தெரியாமல் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் இருக்கலாம்.

மார்பு நடுவில் சிறு கத்தியால் தோலை மட்டும் கீறுங்கள். சதைக்குள் இறங்கினால் ரத்தம் இறகில் ஏறும். பக்கத்தில் சோளமாவு வைத்துக்கொண்டு, ஈரம் தெரியும் இடத்திலெல்லாம் தூவிக்கொண்டே உரியுங்கள். உரித்ததும் உடம்பைக் குப்பையில் போடாதீர்கள்! இதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். அந்த உடம்புதான் உங்கள் வாத்தியார். அதைப் பக்கத்தில் வைத்து அதே நீளம், அதே பருமன், அதே மார்பு வளைவு வரும்வரை மரச்சீவலைச் சுற்றுங்கள். கொஞ்சம் பெருத்தாலும் தையல் மூடாது. தோலில் கொழுப்பைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, ஹேர் டிரையரில் உலர்த்தி, உட்புறம் போராக்ஸ் (வெண்காரம்) தடவுங்கள். உள்ளங்காலிலிருந்து கம்பி ஏறி உடம்புக்குள் ஊன்ற வேண்டும். மைனாவின் கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் காய்ந்ததும் வெளுத்துவிடும். அலகும் காலும் அப்படித்தான், கடைசியில் வண்ணம் தீட்ட வேண்டும். அதனால் பறவை புதிதாக இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

மான் தோல் வேறு வேலை. குளிர்கால வேட்டைப் பருவத்தில் பட்டறைகளுக்குத் தோல் வந்து குவியும், உதவிக்கு ஆள் தேடுவார்கள். போய்ச் சேருங்கள். நான் முதல் இரண்டு குளிர்காலமும் உப்புக் கொட்டகையில்தான் நின்றேன். உதட்டைப் பிளக்காமல், காதை உள்வெளியாகத் திருப்பாமல் உப்புப் போட்டால் முதலில் அங்கேதான் மயிர் உதிரும். இதை எந்த வீடியோவும் என் விரலுக்குச் சொல்லித் தரவில்லை.

சாலையில் அடிபட்ட கீரியையோ நரியையோ தூக்கி வராதீர்கள். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இருக்கிறது. மண்டையைத் திறக்கும் வேலை இது, புரிகிறதா? நான் தடுப்பூசி போட்டுத்தான் வேலை செய்கிறேன். உள்நாட்டுக் காட்டுப் பறவை, விலங்கு எதுவானாலும், செத்துக் கிடந்தாலும், மாகாண வனவிலங்கு அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் வீட்டில் வைக்காதீர்கள். கிளி வகைக்கு முகக்கவசம் கட்டாயம், அதன் தூசியிலேயே நோய் தொற்றும். ஏலக்கடையில் வாங்கிய, அந்தக் காலத்தில் பாடம் செய்த உருவங்களை வெறுங்கையால் துடைக்காதீர்கள். அப்போது ஆர்சனிக் என்ற விஷத்தைப் பூசினார்கள்.

வீட்டுப் பறவை இறந்துவிட்டால், தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். கழுவ வேண்டாம், குடல் எடுக்க வேண்டாம். வாயில் சிறிது பஞ்சு வைத்து, தலையை இறக்கைக்குள் மடக்கி, இறகு கலையாமல் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் ஃபிரீசரில் போடுங்கள். டர்பன் கோடையில் சில மணி நேரத்துக்குள். பிறகு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

அந்தக் கிளியில் என்னால் எடுக்க முடிந்தது சிவப்பு வால் இறகுகள் மட்டும். ஒரு சிறு கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி ஆயாவுக்குக் கொடுத்தனுப்பினேன். தம்பி இப்போது சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வருகிறான். நேற்று அவனுடைய முதல் மைனா. கால் ஊன்றி நிற்கிறது, கழுத்து மட்டும் நீண்டுவிட்டது. மறுபடி பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.