குத்துவிளக்கு வரைபவருக்கு ஒரு கருவிப்பட்டை

நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் தண்டைக் கணினியில் வரையப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. தண்டின் பாதி வடிவத்தை மட்டும் கோடுகளால் வரைந்து, நடு அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றினால், கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுத்தது போன்ற உருவம் திரையில் வந்துவிடும். விளக்கின் அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு ஆகியவை தனித்தனியே வார்க்கப்பட்டுத் திருகி இணைக்கப்படுபவை. உச்சியில் அமரும் அன்னத்தைத் தவிர மற்றவை அனைத்தும் வரைதல், சுழற்றுதல், விளிம்பை மழுக்குதல் என்ற சில கட்டளைகளிலேயே முடிந்துவிடும். ஆனால் ஃப்ரீகேட் போன்ற இலவச வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தவுடன் நம்மை எதிர்கொள்பவை வரிசை வரிசையான பொத்தான்கள். படப்புள்ளிகள் மிக நெருக்கமாக உள்ள திரை கொண்ட மடிக்கணினியில் அவை கடுகளவாகவும் தெரியலாம். இந்தத் தோற்றத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சில வரிகளால் மாற்றிவிட முடியும்.

2002இல் முதன்முதலாக வெளியான ஃப்ரீகேடின் உட்பகுதி பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. உருவங்களைக் கணக்கிடும் பகுதி வேறு, சாளரத்தையும் பொத்தான்களையும் வரையும் பகுதி வேறு. இரண்டாவது வேலையை க்யூட்டி என்ற நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பார்த்துக்கொள்கிறது. க்யூட்டியில் திரையில் தெரியும் ஒவ்வொன்றும் நினைவகத்தில் வாழும் ஒரு பொருள். அந்தப் பொருள்கள் தாய், பிள்ளை என்ற முறையில் கட்டப்பட்டிருக்கும். முதன்மைச் சாளரம் தாய் என்றால், அதன் பிள்ளைகளில் ஒன்று கருவிப்பட்டை, அதன் பிள்ளைகள் பொத்தான்கள்.

பைசைடு என்ற இணைப்பு நிரலகம் இந்தப் பொருள்களைப் பைத்தானுக்குக் காட்டுகிறது. பைத்தான் மாறியில் வந்து சேர்வது கருவிப்பட்டையின் நகல் அன்று, அதே பொருளைப் பிடித்திருக்கும் ஒரு கைப்பிடி. ஆகவே ஃப்ரீகேடுக்குள்ளேயே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பைத்தான் முனையத்தில் ‘கெட் மெயின் விண்டோ’ என்று கேட்டு முதன்மைச் சாளரத்தைப் பெற்று, ‘ஃபைண்ட் சில்ட்ரன்’ மூலம் அதன் கீழுள்ள கருவிப்பட்டைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘செட் ஐகான் சைஸ்’ கட்டளையால் 48 படப்புள்ளி என்று சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிலேயே ஐகான்கள் பெரிதாகிவிடும். ஐகான்களில் பெரும்பாலானவை எஸ்விஜி வடிவில், அதாவது கோடுகளின் கணித விவரமாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் பெரிதாக்கினாலும் அவை மங்குவதில்லை. (ஐகானின் அளவை மட்டும் மாற்ற நிரல் எழுதுவது வீண்வேலை; விருப்ப அமைப்புப் பக்கத்திலேயே 16 முதல் 48 வரை தேர்ந்தெடுக்கலாம்.)

நிறமும் இடைவெளியும் மாற வேண்டுமென்றால்தான் நிரலுக்கு உண்மையான வேலை வருகிறது. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் முறையைப் பின்பற்றி க்யூட்டியிலும் பாணி விதிகளை எழுதலாம். கல்லணையில் திறந்த நீர் கிளை வாய்க்கால்களுக்குப் பாய்வதைப் போல, தாய்ப் பொருளுக்குத் தந்த விதி பிள்ளைகளுக்கும் பாயும். பிள்ளைக்கென்று தனி விதி இருந்தால் மட்டும் அது முந்திக்கொள்ளும். புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் இடமும் இதுவே. கருவிப்பட்டைக்கு ‘பின்னணி மஞ்சள்’ என்று மொட்டையாக எழுதினால், பட்டையோடு நில்லாமல் அதிலுள்ள பொத்தான்களும் அவற்றிலிருந்து விரியும் பட்டியல்களும் மஞ்சளாகிவிடும். விதி எந்த வகைப் பொருளுக்கு உரியது என்பதைத் தலைப்பில் குறித்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். சுட்டி மேலே வரும்போது மட்டும் சுழற்றும் பொத்தான் நிறம் மாற வேண்டும் என்பது போன்ற நுணுக்கமான விதிகளும் இவ்வாறே எழுதப்படுகின்றன.

ஐகானுக்குக் கீழே தமிழில் பெயரிடவும் வழி உண்டு. பொத்தானுக்குப் பின்னால் ‘ஆக்‌ஷன்’ என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. அதன் உரையைச் ‘சுழற்று’ என்று மாற்றி, ஐகானுக்கடியில் உரையைக் காட்டும்படி பட்டைக்குச் சொல்ல வேண்டும். யூனிகோடு எழுத்துகளை க்யூட்டி கையாள்வதால் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். அதே ஆக்‌ஷன்தான் சாளரத்தின் மேலுள்ள மெனுப் பட்டியலிலும் பயன்படுகிறது என்பதால், அங்கும் பெயர் தமிழாகிவிடும். பட்டறையில் புதிதாகப் பழகுபவருக்கு இது ஒருவகையில் நல்லதே.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, மாற்றங்கள் காணாமற்போவதாகப் பலர் குறைப்படுவது உண்டு. நிரல் தொட்டது நினைவகத்திலிருந்த பொருளைத்தானே தவிர, வட்டிலுள்ள கோப்பை அன்று. மென்பொருளை மூடினால் அந்தப் பொருளும் போய்விடும். மூடாமலே இருந்தாலும், ஒரு பணிமேசைக்குள் (ஒருவகை வேலைக்கான கருவிகளின் தொகுப்புக்குள்) முதன்முறை நுழையும்போதுதான் அதற்குரிய கருவிப்பட்டைகள் பிறக்கின்றன. முன்பே ஓடி முடிந்த நிரலுக்கு அவற்றைத் தெரியாது. இதற்கும் வழி உண்டு. பணிமேசை மாறும் ஒவ்வொரு முறையும் முதன்மைச் சாளரம் ‘வொர்க்பெஞ்ச் ஆக்டிவேட்டட்’ என்ற சமிக்ஞையை வெளியிடுகிறது. விதிகளைப் பூசும் நம் நிரல்பகுதியை (செயற்கூற்றை) அதனுடன் இணைத்துவிட்டால், புதிய பட்டை தோன்றும்போதெல்லாம் விதிகள் மறுபடி பூசப்படும்.

இணைக்கும் வரியை, ஃப்ரீகேட் தன் துணை நிரல்களைத் தேடும் ‘மாட்’ (Mod) கோப்புறைக்குள் ஒரு துணைக் கோப்புறையில், ‘இனிட்ஜியூஐ’ (InitGui.py) என்ற பெயருள்ள பைத்தான் கோப்பில் வைத்தால், ஃப்ரீகேட் தொடங்கும்போதே அது ஓடிவிடும். பட்டைகளின் கைப்பிடிகளை மட்டும் மாறியில் சேமித்து வைக்கக் கூடாது. க்யூட்டி ஒரு பொருளை அழித்த பின் பழைய கைப்பிடியைத் தொட்டால், அந்தப் பொருள் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது என்ற பிழைச் செய்தியுடன் நிரல் நின்றுவிடும். ஒவ்வொரு சமிக்ஞையின்போதும் சாளரத்திடம் புதிதாகக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பானது.