சிவப்பு விளக்கில் சைக்கிள் எதை இழக்கிறது?

"சிக்னலில் எல்லாரும் நிற்கும்போது சைக்கிள்காரர்கள் மட்டும் ஏன் நழுவிப் போகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார். கோபம் நியாயமானதுதான். சிவப்பைத் தாண்டுவது ஓட்டுபவருக்கும் ஆபத்து, குறுக்கே நடப்பவருக்கும் ஆபத்து. அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஓர் அழகான இயற்பியல் கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால், சைக்கிளுக்கு ஏற்ற தெரு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு சோதனை. வண்டி நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டுங்கள். சட்டென்று மிதிப்பதை நிறுத்திவிட்டு, பிரேக்கையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். டயரில் காற்று சரியாக இருந்து, எதிர்காற்றும் இல்லையென்றால், 100 மீட்டருக்கு மேல் வண்டி தானாக உருளும். அந்தத் தூரத்தை உங்கள் கால்கள் முன்பே சம்பாதித்து வைத்திருக்கின்றன. பிரேக் பிடித்தால் அந்தச் சேமிப்பு முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகி வீணாகிவிடும்.

எவ்வளவு சேமிப்பு? இயக்க ஆற்றல் பள்ளியில் படித்ததுதான்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ, வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,060 ஜூல். அதே வேகத்தில் சீராகப் போக, காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்கச் சுமார் 70 வாட் போதும். 1,060ஐ 70ஆல் வகுத்தால் 15 நொடி. 15 நொடியில் 75 மீட்டர் போய்விடலாம். ஆக, ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் 75 மீட்டர் கூடுதலாக மிதித்த செலவு. 150 மீட்டருக்கு ஒரு சிக்னல் உள்ள சாலையில் ஒவ்வொன்றிலும் நின்றால், 2 கி.மீ. பயணம் கால்களுக்கு 3 கி.மீ. ஆகிவிடுகிறது.

காரிலும் இதே இழப்பு உண்டு, இன்னும் பல மடங்கு பெரிதாகவே உண்டு. ஆனால் அதை ஓட்டுபவரின் தொடைத் தசை உணர்வதில்லை. வலது பாதத்தைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், மீதியை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். சைக்கிளிலோ 5 நொடியில் பழைய வேகத்துக்கு வர, சராசரியாக 200 வாட்டுக்கு மேல் கொடுத்தாக வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவர் வேர்க்காமல், மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடியதைப் போல இரண்டு மூன்று மடங்கு அது. சிவப்பைக் கண்டதும் சைக்கிள்காரர் தூரத்திலேயே மிதிப்பதை விட்டுவிட்டு, பச்சை விழுமா என்று ஊர்ந்து வருவார் இல்லையா? அந்தச் சேமிப்பைக் காப்பாற்றத்தான்.

சரி, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதானே என்று தோன்றலாம். இல்லை. நிற்காமல் போனால் 15 நிமிடத்தில் 4.5 கி.மீ. போகலாம். அடிக்கடி நின்று கிளம்பி, சிக்னலில் காத்தும் கிடந்தால் சராசரி வேகம் 12க்கு இறங்கிவிடும். 15 நிமிடத்தில் 3 கி.மீ.தான். ஆனால் நகரம் என்பது ஒரு கோடு அல்ல, பரப்பு. வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். 4.5 கி.மீ. ஆரத்துக்குள் சுமார் 64 சதுர கி.மீ. அடங்கும். 3 கி.மீ. ஆரத்துக்குள் 28தான். கால் மணி நேரத்தில் எட்டக்கூடிய பள்ளிகள், வேலை இடங்கள், நண்பர்கள் வீடுகள் எல்லாம் பாதிக்கும் கீழே போய்விடுகின்றன. சைக்கிள் நகரத்தைப் பெரிதாக்குகிறது என்பதும், நகரம் சைக்கிளைச் சின்னதாக்குகிறது என்பதும் இந்த இரண்டு வட்டங்களில் தெரிகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிற்பதால் ஆற்றல் மட்டும் போவதில்லை, சமநிலையும் போகிறது.

ஓடும் சைக்கிள் ஏன் விழுவதில்லை? "சக்கரம் பம்பரம் போலச் சுற்றுகிறது, அதனால் விழாது" என்ற பதிலைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முன்சக்கரத்தின் பக்கத்திலேயே இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதை எதிர்த் திசையில் சுற்றவிட்டார். பம்பர விளைவு ஒன்றுக்கொன்று கழிந்துபோனது. ஆனாலும் அவரால் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, பம்பர விளைவே இல்லாத ஒரு வண்டியைச் செய்து ஆளில்லாமல் தள்ளிவிட்டார்கள். அதுவும் தானாக நிமிர்ந்து ஓடியது. அதன் எடை எங்கெங்கே உட்கார வேண்டும் என்பதை மட்டும் நுட்பமாக அமைத்திருந்தார்கள். சாயத் தொடங்கியதும் முன்சக்கரம் தானே சாயும் பக்கம் திரும்பியது.

சைக்கிள் கற்றுக்கொடுப்பவர்கள் "விழுகிற பக்கமே ஹேண்டிலைத் திருப்பு" என்பார்களே, ரகசியம் அதேதான். உள்ளங்கையில் நீளமான குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி வலப்புறம் சாய்ந்தால் கையையும் வலப்புறம் நகர்த்துவோம். அடி, தலைக்குக் கீழே போய்ச் சேரும். சைக்கிளில் குச்சி என்பது நீங்கள், உள்ளங்கை என்பது சக்கரங்கள். ஆனால் இந்த உள்ளங்கையால் நேராகப் பக்கவாட்டில் நகர முடியாது. முன்னே உருண்டபடி வளைந்துதான் நகர முடியும். அதனால்தான் வேகம் தேவைப்படுகிறது. ஹேண்டிலை எவ்வளவு திருப்புகிறோமோ, அதற்குக் கிடைக்கும் நிமிர்த்தும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18 கி.மீ. வேகத்தில் விரல் நுனி அசைவு போதும். 5 கி.மீ. வேகத்தில் அதே விசை கிடைக்க ஏறக்குறைய 13 மடங்கு திருப்ப வேண்டும். சிக்னலில் கிளம்பும் சைக்கிளின் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடுவதைப் பாருங்கள். பழக்கம் போதாமல் ஆடுவதில்லை அது. அந்த வேகத்தில் வேறு வழியே கிடையாது.

இந்த ஆட்டத்துக்கு அகலம் வேண்டும். நெதர்லாந்தின் சாலை வடிவமைப்புக் கையேட்டில் இதற்குக் கணக்கு இருக்கிறது: இயல்பான வேகத்தில் ஒரு சைக்கிள் பக்கவாட்டில் சுமார் 20 செ.மீ. ஆடும்; நின்று கிளம்பும்போது அது 80 செ.மீ. வரை போகலாம். இப்போது நகரங்கள் பலவற்றில் பெயிண்ட் அடித்துவைத்திருக்கும் சைக்கிள் பாதையை நினைத்துப் பாருங்கள். சாலை நெடுக ஒரு கோடு ஓடிவரும். சந்திப்பு நெருங்கியதும், கார்களுக்குத் திரும்பும் தடம் வேண்டும் என்று அந்தக் கோடு மறைந்துவிடும். சைக்கிள் மிக அதிகமாகத் தடுமாறும் இடத்தில், மிக அதிகம் அகலம் தேவைப்படும் அந்தச் சில மீட்டரில், அதற்குப் பாதையே இல்லை. பக்கத்தில் லாரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

இயற்பியலைப் புரிந்துகொண்டு கட்டிய ஊர்களும் இருக்கின்றன. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் நோரப்ரோகேட் சாலையில் சிக்னல்களை மணிக்கு 20 கி.மீ. என்ற சைக்கிள் வேகத்துக்கு ஒத்திசைத்திருக்கிறார்கள். காலையில் நகர மையத்தை நோக்கியும் மாலையில் வெளிநோக்கியும் பச்சை அலை ஓடும். அந்த வேகத்தில் மிதித்தால் காலைத் தரையில் ஊன்றாமலே போய்விடலாம். நிற்க நேர்ந்தாலும், சில சந்திப்புகளில் பாதமும் கையும் வைத்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். சீட்டை விட்டு இறங்க வேண்டாம், பச்சை விழுந்ததும் அந்தக் கம்பியை ஓர் உந்து உந்தினால், தடுமாற்றம் அதிகமாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு மீட்டர் சுலபமாகக் கடந்துவிடும். ஒரு சாதாரண இரும்புக் கம்பிதான், ஆனால் அதை வைத்தவர் சைக்கிள் ஓட்டுபவராகத்தான் இருக்க வேண்டும்.

பெரிய சாலையைக் கடக்க மேம்பாலமா, சுரங்கப் பாதையா என்பதற்கும் இதே கணக்கு விடை சொல்லும். மேம்பாலத்தில் முதலில் ஏற வேண்டும். கீழே லாரி போக இடம் விட வேண்டும் என்பதால் உயரமும் அதிகம். சுரங்கப் பாதையில் முதலில் இறக்கம், அதில் கிடைத்த வேகமே மறுபக்கம் பாதி ஏற்றிவிடும். நெதர்லாந்தின் ஐன்டோவன் நகரில் 2012இல் திறந்த ஹோவன்ரிங் என்ற வட்டமான தொங்கு பாலத்தில், சைக்கிளுக்கு ஏற்றம் செங்குத்தாகிவிடக் கூடாது என்று கீழே இருந்த கார் சாலையையே தாழ்த்தினார்கள். அதே நாட்டின் குரோனிங்கன் நகரில் சில சிக்னல்களில் மழை உணரி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் சைக்கிளுக்குச் சீக்கிரம் பச்சை விழும்.

குரோனிங்கன் இன்னும் ஒரு படி மேலே போன ஊர். 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். கார் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் நடப்பவர்களும் நேராகப் போகலாம். உள்ளே கார் குறைந்ததும் பல சந்திப்புகளில் சிக்னலுக்கே வேலை குறைந்தது. சைக்கிளும் சைக்கிளும் குறுக்கிட்டால் கண்ணைப் பார்த்தே விலகிக்கொள்வார்கள். போக்குவரத்து விளக்கு என்பதே பெரும்பாலும் மோட்டார் வண்டிக்காகத் தேவைப்படுகிற ஒன்று என்பதை நாம் மறந்துபோனோம்.

நெதர்லாந்து எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்வார்கள். உண்மை அல்ல. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்தினார்கள். 1971இல் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே இயக்கம் நடத்திப் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பாதைகள் வந்தன.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். "சாலையை அகலமாக்கினால் நெரிசல் குறையும்" என்பது நம் காலத்தின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. அகலமாக்கிய சாலை புதிய கார்களை அழைத்து வந்து நிரம்பிவிடும் என்பது பல நகரங்களில் அளந்து பார்த்த விஷயம். தானே ஓடும் காருக்கு ஆராய்ச்சிப் பணம் கொட்டுகிறது. ஒரு சந்திப்பை நாளொன்றுக்கு எத்தனை சைக்கிள் கடக்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று எண்ணுவதற்குப் பணம் கேட்டால் தயக்கம். எண்ணாததற்குத் திட்டம் போட முடியாது.

எண்ணுவது பற்றிச் சொன்னதும் வாசகரின் கேள்விக்குத் திரும்பிவிடலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982லேயே, நிறுத்தப் பலகை உள்ள இடத்தில் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, முழுவதும் நிற்காமல் போகலாம் என்று சட்டம் போட்டது. அப்புறம் வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. சேமிப்பையும் சமநிலையையும் காப்பாற்றும் சட்டம் அது. ஆனால் சிவப்பைத் தாண்டுபவர்களில் சிலருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அந்த விளக்கின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை.

பல சந்திப்புகளில் தார்ச்சாலையை அறுத்து, உள்ளே கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடும். மேலே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, சுருளின் மின்தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) குறையும். "வண்டி வந்துவிட்டது" என்று கருவி புரிந்துகொள்ளும். காரின் அடிப்பகுதி ஓர் அகலமான தகடு, அதைத் தவறவிட வாய்ப்பில்லை. சைக்கிளோ இரண்டு மெல்லிய உலோக வளையங்கள். சுருளின் நடுவில் நின்றால் கருவிக்குத் தெரியாமல் போகலாம். பச்சை வரவே வராது. கம்பி பதித்த கோடு சாலையில் கீறல் போலத் தெரியும். சுருளின் ஓரத்தில், இரண்டு சக்கரங்களும் அந்தக் கீறலின் மேலேயே நீளவாக்கில் இருக்கும்படி நிறுத்துங்கள். காந்தப்புலம் அங்கேதான் அடர்த்தி. அலுமினிய ரிம் இரும்பைவிட நன்றாகவே வேலை செய்யும்.