செயற்கைக்கோள் சொல்லும் மீன் இடம்: யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், தேதி பார்க்காமல் கிளம்பாதீர்கள்

கடலில் எந்தப் பக்கம் மீன் கூட வாய்ப்பிருக்கிறது என்பதை ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் கணித்துச் சொல்கிறது. பி.எஃப்.இசட் என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். தமிழிலும் வருகிறது, முழுக்க இலவசம். இதே தகவலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மாதச் சந்தா கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இன்காய்ஸ் இணையதளத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கான பட்டியலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. கடலின் மேல்மட்டச் சூடும் தண்ணீரின் நிறமும்தான் தெரியும். ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் சத்தும் சேர்ந்து வரும். அங்கே நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சை தட்டும். அதைத் தின்னச் சிறு மீன் வரும், சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். இவ்வளவுதான் கணக்கு. ஆக, இது வாய்ப்பு மட்டுமே. மீன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

ஏமாற்றம் பெரும்பாலும் தேதியில்தான் நடக்கிறது. நீரோட்டத்தில் அந்தப் பச்சைத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் பழைய பட்டியலை நம்பி டீசலைக் கொட்டிவிட்டு வெறும் வலையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நாள் வரை செல்லும் என்பது பட்டியலிலேயே இருக்கும். ஃபார்வர்டில் வருவதில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். மேகம் மூடினால் சூடும் தெரியாது, நிறமும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் நம் பக்கத்துக்குத் தகவலே இருக்காது. அந்த நாட்களிலும் ‘இன்றைய இடம்’ என்று ஒருவர் அனுப்பினால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலத்திலும் இது வராது.

அடுத்த சிக்கல் அளவில். பட்டியலில் தூரம் கிலோமீட்டரில் இருக்கும், உங்கள் ஜிபிஎஸ் கடல் மைலில் காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 40 என்று போட்டிருப்பதைக் கடல் மைல் என்று எடுத்தால் 74 கிலோமீட்டர் போய்விடுவீர்கள். ஆழமும் பாகத்தில் இருக்காது, மீட்டரில்தான். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். தூரமும் திசையும் பட்டியலில் பெயர் போட்டிருக்கும் இறங்குதளத்திலிருந்து கணக்கிட்டவை. உங்கள் ஊர்க் கரையிலிருந்து அல்ல.

ராமேஸ்வரம், நாகை பக்கம் உள்ளவர்கள் இதையும் கவனியுங்கள்: பட்டியலில் உள்ள இடம் எல்லை தாண்ட அனுமதி ஆகாது. இலங்கைக் கடற்படை பிடித்தால் இந்தத் தாளைக் காட்டிப் படகை மீட்க முடியாது.

செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே போய்விடும். அதனால்தான் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி இலவசமாகத் தருகிறார்கள். நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கு என்று அறிவிப்பு. மீன் இடம், புயல் எச்சரிக்கை, எல்லை எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். ஆபத்தில் நீங்களும் செய்தி அனுப்பலாம்.

இந்தக் கருவிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அலையவிடுவார்கள். படகை வாங்கியவர் ஒருவர், பதிவுச் சான்றில் பழைய முதலாளி பெயர். அப்படி ஃபைபர் படகு வாங்கிய ஒரு அண்ணனை ‘பெயர் மாற்றிவிட்டு வாங்க’ என்று ஒரு அலுவலகத்தில் திருப்பினார்கள். பெயர் மாற்றப் போன இடத்தில் ‘முதலில் உரிமத்தைப் புதுப்பிங்க’ என்றார்கள். இரண்டையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்குத் தொழில் கெட்டிருக்காது. நீங்கள் கிளம்பும் முன்பே பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆதார் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் சான்றில் உள்ள என்ஜின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். கைபேசி எண் மாறியிருந்தால் அதையும் எழுதிக்கொடுங்கள். இல்லையென்றால் குறுஞ்செய்திகள் பழைய எண்ணுக்கே போகும்.

விண்ணப்பத்தை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்ததும் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். ‘லிஸ்ட்ல பேர் வரல’ என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். துறைமுகத்தில் மீன் இடம் காட்டும் மின்பலகை அணைந்து கிடந்தால் அதையும் அதே மனுவில் கேட்கலாம்: எப்போது பழுதானது, சரிசெய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது.