பாக்கி வசூலுக்கு 45 நாள் சட்டம்: புகார் போடும் முன் உங்கள் உத்யம் சான்றை எடுத்துப் பாருங்கள்

சேலம் கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுபவர், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், இரும்பாலைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் செய்பவர், யாரிடம் பேசினாலும் ஆர்டர் இல்லை என்பதைவிட பாக்கி வரவில்லை என்பதுதான் பெரிய குறையாக இருக்கிறது. சரக்கு போய் நாலு மாதம் ஆகியிருக்கும், பணம் வந்திருக்காது. ஆனால் அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை நாம் அடுத்த மாதமே கைக்காசு போட்டுக் கட்டியிருப்போம். சனிக்கிழமை கூலி கொடுக்கக் கந்துவட்டி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்களில் பாதிப் பேருக்குச் சட்டம் இருப்பதே தெரியாது, மீதிப் பேர் தெரிந்துகொண்டு புகார் போடப் போனபோது காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

சட்டம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். சொல்வது இவ்வளவுதான்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டு 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதி, ஆனால் எப்படி எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்றால் உங்களுக்கு 16.5.

சரி, எங்கே மாட்டுகிறது என்று பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர், பாக்கி ஏழு லட்சம் நின்ற பிறகுதான் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) பதிவு செய்தார். புகார் போட்டார். பதிவுக்கு முன் போன சரக்குக்கு உரிமை கோர முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் ஒரு குஜராத் வழக்கில் அதைத்தான் சொன்னது. 2025இல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது உண்மைதான், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. முதல் பில் போடும் முன் பதிவு இருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைக் கொடுங்கள்.

அடுத்தது இதைவிட மோசமானது. 2021 ஜூலையிலிருந்து மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் வாங்கலாம், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். லீ பஜாரில் வாங்கி விற்பவருக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. அவர் கையிலும் அதே சான்றுதான் இருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதில் வயிறெரிய வைப்பது, பட்டறை வைத்து உற்பத்தி செய்பவருக்கே பிரௌசிங் சென்டரில் அவசரத்தில் 'டிரேடிங்' என்று போட்டுக் கொடுத்திருப்பதுதான். பல வருஷம் கழித்து, புகார் போடும்போதுதான் தெரிய வரும். உங்கள் சான்றில் முக்கியத் தொழில் (Major Activity) என்று இருக்கும் இடத்தில் உற்பத்தி அல்லது சேவை என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தவறாக இருந்தால் அதே தளத்தில் திருத்தலாம், முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள், பதிவுக்கு உதவுவது அவர்கள் வேலை. கூலிக்கு நெய்வது, கட்டிங், பாலிஷ் போன்ற ஜாப் ஒர்க்கும் இந்தச் சட்டத்தில் வரும், ஆனால் அதற்கு பில் வேண்டும். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதினால் ஒன்றும் நிற்காது.

அப்புறம் பணம் கேட்டவுடன் வரும் அந்தப் பதில்: "சரக்கு தரம் சரியில்லை." மூன்று மாதம் கழித்துச் சொல்வார்கள். சரக்கு கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டப்படி அர்த்தம். ஆனால் கிடைத்த தேதியை நிரூபிக்க வேண்டியது நீங்கள். டெலிவரி சலானில் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் வாங்குங்கள். லாரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள்.

இன்னொன்று. 2024 ஏப்ரலில் வருமான வரி விதி மாறியது: உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளில் பணம் தராவிட்டால், தருகிற வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. உடனே சரக்கு வாங்கும் சில பெரிய பார்ட்டிகள் செய்தது என்ன தெரியுமா? "உத்யமை கேன்சல் பண்ணிட்டு வாங்க, அப்பதான் ஆர்டர்" என்றார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

புகாரை மத்திய சிறு தொழில் அமைச்சகத்தின் இணையத் தளத்தில் போட வேண்டும்; முன்பு அது 'சமாதான்' தளம், 2025 ஜூனில் 'ஓடிஆர்' என்ற புதிய தளம் வந்தது. பார்ட்டி சூரத்தில் இருந்தாலும் வழக்கு இங்கேதான், சரக்கு கொடுத்தவர் இருக்கும் பகுதியின் கவுன்சில்தான் (இந்தப் பாக்கி வழக்குகளுக்காக மாநில அரசு அமைத்த குழு) விசாரிக்கும். அதனால் அங்கே வா என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அலைச்சல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். தளத்தில் ஏற்றிய அதே பில்லை மறுபடி மூன்று செட் ஜெராக்ஸ் கேட்பார்கள். ஒரு அலுவலகத்தில் ஆர்டர் காப்பி இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டருக்கு அவர் எங்கே போவார்? வாய்மொழி ஆர்டராக இருந்தாலும் "நீங்கள் சொன்னபடி இத்தனை உருப்படி, இந்த விலை" என்று ஒரு மெயில் போட்டு வைத்துவிடுங்கள். பார்ட்டியின் முகவரியை ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடியே கொடுங்கள், நோட்டீஸ் திரும்பி வந்தால் இரண்டு மாதம் போய்விடும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நம்பி யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அதை எதிர்த்துப் போக பார்ட்டி 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும், இது பெரிய பலம். ஆனால் கவுன்சில் பணத்தை வசூலித்துத் தராது. பார்ட்டி சும்மா இருந்துவிட்டால் நிறைவேற்று மனு போட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

புகார் போட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் முதலில் பில் வாரியாக வட்டி கணக்குப் போட்டு, உத்யம் எண்ணையும் எழுதி, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நான் எழுதிக் கொடுத்தவற்றில் சில, கடிதத்தோடேயே முடிந்திருக்கின்றன. தவணை தவணையாக இழுத்தால் மட்டும், பாக்கிக்கு வழக்குப் போடும் கெடுவான 3 ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு மார்ச் 31க்கும் பாக்கி இவ்வளவு என்று எழுதி, பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கி, அந்த பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.