மூணு மாச சுகர் எங்கே எழுதப்படுகிறது?

லேப்புக்குப் போகிற நாள் நெருங்கினால், பெரியப்பாவின் காபியில் நான்கு நாள் முன்பே சர்க்கரை நின்றுவிடும். ராத்திரி சோறு போய் இரண்டு சப்பாத்தி வரும். வெறும் வயிற்றில் சுகர் 112 என்று தாளில் பார்த்ததும் முகத்தில் பரீட்சை பாஸான களை. கீழே இன்னொரு வரி: எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சுகர், 8.2. டாக்டர் பார்த்தது அதை மட்டும்தான். மூன்று மாதமாகச் சராசரி 190ஐ ஒட்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த எண்ணிடம் பெரியப்பாவின் பத்தியம் பலிக்காது. காரணம், அது அளப்பது சர்க்கரையை அல்ல, சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை. சிவப்பணுவுக்குள் நுழைய குளுக்கோஸுக்கு இன்சுலினின் தயவு வேண்டாம். ரத்தத்தில் அது ஏறினால் அணுவுக்குள்ளும் ஏறும். ஓர் அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். அவற்றில் உள்ள பீட்டா சங்கிலி என்ற புரத இழை, வாலின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. அந்த முனையில் குளுக்கோஸ் போய் ஒட்டுகிறது. நொதி எதுவும் தேவையில்லை. அடுப்பில் பன்னின் மேல்தோல் பழுப்பாகிறதே, அதன் முதல் படியும் இதே வகை வினைதான். உடம்புச் சூட்டில் ஆமை வேகத்தில் நடக்கிறது. முதலில் ஒட்டுவது தளர்வாக இருக்கும், பிரிந்தும் போகலாம். மூலக்கூறுக்குள் பிணைப்புகள் இடம் மாறி அமர்ந்துவிட்டால் பிறகு கழலாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சாகும்வரை அந்தச் சர்க்கரையைச் சுமந்தே திரியும்.

இதைத் தேடிப்போய் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர் தேடியது, பரம்பரையாக வரும் மாறுபட்ட ஹீமோகுளோபின்களை. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தபோது சிலருடைய ரத்தத்தில் மட்டும் வழக்கத்தில் இல்லாத ஒரு பட்டை தெரிந்தது. அவர்கள் நீரிழிவு நோயாளிகள். 1968இல் அதை வெளியிட்டார். 1976இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமியின் குழு, நோயாளிகளை மருத்துவமனையில் வைத்து சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. எச்பிஏ1சியும் பின்னாலேயே மெல்ல இறங்கியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர்!

பல லேப்களில் இன்றும் பிரிப்பது மின்னேற்றத்தை வைத்துத்தான். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினுக்கு நேர்மின்னேற்றம் குறைவு. எதிர்மின்னேற்றம் கொண்ட பிசின் நிரப்பிய குழாயில் அது சரியாகப் பிடிபடாமல் முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதன் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் தாளில் வரும் எண். மூன்று மாதம் என்று சொன்னாலும், அதில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்துக் கணக்கு.

நோயைக் கண்டறிய 6.5தான் எல்லைக்கோடு. ஆனால் அணுவின் ஆயுளை நம்பி நிற்கும் கணக்கு, ஆயுள் மாறினால் பிசகும். ரத்தம் ஏற்றியவருக்கும், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் உள்ளவருக்கும் எண் பொய்யாகக் குறையும். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு நேர் எதிர்: புது அணுக்கள் வருவது குறைய, பழசுகளே அதிகம் சுற்றிவர, எண் பொய்யாக ஏறும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை.

பெரியம்மாவுக்கு 6.6 வந்தது. வெறும் வயிற்றில் சுகர் 94. டாக்டர் அவருடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் அளவைக் கேட்டார். எழுதிக் கொடுத்தது சுகர் மாத்திரை அல்ல, இரும்புச் சத்து மாத்திரை. பழைய அணுக்கள் போய்ப் புதுசு வரட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.