வைரஸ்: நஞ்சு நச்சுயிரி ஆன கதை

மழை ஓய்ந்து செப்டம்பர் பிறந்துவிட்டால் டெல்லியில் எந்த டாக்டரிடம் போனாலும் ‘வைரல் ஹை’ என்கிறார். ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் வீடுகளிலிருந்து அதே செய்தி ‘வைரலாம், அஞ்சு நாள்ல சரியாயிடுமாம்’ என்று போனில் ஊருக்குப் போகிறது. வைரஸ் என்ற பெயர்ச்சொல் உதிர்ந்து வைரல் என்ற அடைமொழியே நோயின் பெயராகிவிட்டது.

லத்தீனில் வைரஸ் என்ற சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். பாம்பின் விஷமும் அதுதான், பிசுபிசுப்பான நாற்றத் திரவமும் அதுதான். சமஸ்கிருத விஷமும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தது. அதைத்தான் நாம் விடம் என்று எழுதினோம். இங்கே நம் பிள்ளைகள் இந்திப் பாடத்தில் படிக்கும் ‘விஷாணு’ அந்த விஷத்தோடு அணுவைச் சேர்த்து உண்டாக்கிய சொல். ஆக, வைரஸும் விஷாணுவும் தூரத்துச் சொந்தம்.

நஞ்சைக் குறித்த சொல் எப்படி இன்றைய பொருளுக்கு வந்தது? புகையிலைச் செடியின் வழியாக. இலையில் வெளிறிய திட்டுகள் விழும் நோய் அது. நோயுற்ற இலையின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்பியது என்று 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி காட்டினார். அப்படியானால் சாற்றில் இருப்பது வெறும் நஞ்சாக இருக்கலாமே? 1898இல் நெதர்லாந்தின் பையரிங்க் இதைச் சோதித்தார். வடித்த சாற்றை ஒரு செடியில் செலுத்தி, அது நோயுற்றதும் அதன் சாற்றை இன்னொரு செடிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கொண்டுபோனார். நஞ்சாக இருந்தால் கைமாறக் கைமாற நீர்த்துப்போயிருக்க வேண்டும். வீரியம் குறையவே இல்லை. செடிக்குள் அது பெருகிக்கொண்டிருந்தது. ‘உயிருள்ள தொற்றுத் திரவம்’ என்று அதை லத்தீனில் வர்ணித்த அவர், வைரஸ் என்ற பழைய சொல்லையும் அதற்கே சூட்டினார். வெறும் நஞ்சு இல்லை என்று தெரிந்த பிறகு வைத்த பெயர் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

பெருகுவது எப்படி என்பதற்கு டெங்குவையே எடுத்துக்கொள்ளலாம். 1996இல் இந்த நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்த நோய். கூலர் தொட்டியில் தேங்கிய தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசு கடிக்கும்போது வைரஸ் உள்ளே வருகிறது. ஒரு துகளின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். அதன் மேற்பரப்பிலுள்ள புரதம் நம் செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல் அதை ஒரு சிறு பைக்குள் வாங்கிக்கொள்கிறது. பையின் உட்புறம் அமிலமாக மாறுகிறது. வேண்டாத பொருளைச் செரிக்கச் செல் வழக்கமாகச் செய்யும் வேலைதான் அது. ஆனால் அந்த அமிலம் பட்டதும் வைரஸின் புரதம் உருமாறி, தன் உறையைப் பையின் சவ்வோடு இணைத்துவிடுகிறது. துளை விழுந்து, வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கிய, சுமார் 11,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் செல்லின் செலவில். செல்லுக்குள் புரதம் செய்யும் நம் ரைபோசோம்கள் அதைத் தம்முடைய கட்டளை என்றே படித்து நீண்ட புரதம் ஒன்றைச் செய்கின்றன. அது பத்துத் துண்டுகளாக வெட்டப்பட்டு, சில புது ஆர்.என்.ஏ. நகலெடுக்கவும் சில புது உறை கட்டவும் போகின்றன.

வைரஸுக்கென்று ரைபோசோமும் இல்லை, செல் சுவரும் இல்லை. பாக்டீரியாவின் அந்த உறுப்புகளைத் தாக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை. எல்லாவற்றையும் ‘கிருமி’ என்று சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் தானாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

தமிழில் நச்சுயிரி, தீநுண்மி, தீநுண்மம் எல்லாம் புழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் வைரசு. கொரோனா காலத்தில் தீநுண்மி செய்தித்தாள்களில் நன்றாகப் பரவியது, சொல்லவும் அழகு. ஆனால் நுண்மி என்பது பாக்டீரியாவுக்கும் பொருந்தும், தீமை செய்யும் பாக்டீரியாவும் உண்டு. என் ஓட்டு நச்சுயிரிக்கு. நஞ்சு, உயிரியோடு சேரும்போது நச்சு என்று வல்லினமாக மாறுகிறது, இரும்பு இருப்புப்பாதை ஆவதைப் போல. செல்லுக்கு வெளியே உயிரின் அறிகுறியே இல்லாததை உயிரி என்பதா என்று கேட்பார்கள். 1935இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி புகையிலை வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டியதிலிருந்து ஓயாத கேள்வி அது. இருந்தாலும் லத்தீன் நஞ்சு, பையரிங்க் கண்ட பெருக்கம் இரண்டும் இந்த ஒரு சொல்லில்தான் சேர்ந்து நிற்கின்றன.

பேச்சில் வைரஸ் என்றே சொல்லலாம், தவறில்லை. எழுத்தில் நச்சுயிரி, பன்மையில் நச்சுயிரிகள். டாக்டர் சொல்லும் அந்த ‘வைரல்’, நச்சுயிரிக் காய்ச்சல்.