‘உயிர் பிழைத்தவர்’ வேண்டாம், ‘மீண்டவர்’ என்போம்

சென்ற மாதம் தருமபுரியில் ஒரு கூட்டம். வீட்டுக்குள் அடி உதை பட்ட பெண்களுக்கும், வேலை வாங்கித் தருவதாக நம்பிப் போய் வெளியூரில் விலைபோன பெண்களுக்கும் என்னென்ன உதவி உண்டு என்று சொல்வதற்காகக் கூட்டியது. மேடைக்குப் பின்னால் பேனரில் ‘வன்முறையில் உயிர் பிழைத்தோருக்கான ஆதரவுக் கூட்டம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் பென்னாகரம் பக்கத்து அக்கா ஒருவர். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். “ஏங்க, இது பஸ்ஸு கவுந்தவங்களுக்கா? நான் தப்பா வந்துட்டனா?” என்று கேட்டவர், மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். உங்களுக்கான கூட்டம்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

துண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, செய்தி என்று எங்கே பார்த்தாலும் ‘சர்வைவர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த ‘உயிர் பிழைத்தவர்’தான் வந்து நிற்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: ‘சூப்பர்’ என்றால் மேலே, தாண்டி, ‘வீவெரே’ என்றால் வாழ்தல். நடந்ததைத் தாண்டி வாழ்பவர் என்பது கருத்து. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

தமிழில் ‘பிழை’ வேறு வழியில் வந்த சொல். அதன் பழைய பொருள் தவறுதல். அம்பு குறி பிழைத்தது என்றால் குறி தவறியது. ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’ என்ற குறளில் தப்பி வாழ்வதற்கு வள்ளுவர் வைத்த சொல் உய்தல். பிழைத்தல் என்பது அங்கே தவறு செய்தல். சாவின் குறி தவறியதால்தான் ‘உயிர் பிழைத்தான்’ என்ற வழக்கு வந்தது என்பது என் கணிப்பு. அதனால்தான் வெள்ளம், தீ, பாம்புக்கடி, பேருந்து விபத்து என்றால் அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு நொடி ஆபத்து, அது தவறிப்போனது, ஆள் பிழைத்தார். பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே தினம் தினம் அடி வாங்கியவருக்கு இது எப்படிப் பொருந்தும்? அவரிடமிருந்து பறிபோனது கையில் வாங்கிய கூலி, அம்மா வீட்டுக்குப் போகும் உரிமை, வாய் திறந்து பேசும் தைரியம். உயிர் மட்டும்தான் மிச்சம் என்று அவரிடமே சொல்வது போல இருக்கிறது அந்தப் பேனர்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல். இங்கே ‘பொழைக்கப் போறது’ என்றால் ஊரை விட்டு வேலைக்குப் போவது. மழை இல்லாத வருடம் அரூரிலிருந்து திருப்பூருக்குப் பொழைக்கப் போவார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டியிலிருந்து ஓசூர் தாண்டி பெங்களூருக்குப் பொழைக்கப் போவார்கள். முன்பணம் கொடுத்த மேஸ்திரியின் பின்னால் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பொழைக்கப் போவார்கள். சிக்கிக்கொண்டதே பிழைக்கப் போன இடத்தில்தான். அங்கிருந்து வெளியே வந்தவரையும் ‘பிழைத்தவர்’ என்றால் என்ன விளங்கும்? மொழிபெயர்த்தவர் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் நின்று நாலு பேர் பேசுவதைக் கேட்டிருந்தால் இந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார்.

‘டிராஃபிக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுதும் ‘கடத்தல்’ கதையும் இதேதான். கட என்பதன் பிறவினை கடத்து, கடக்கச் செய்தல். எல்லை தாண்டிச் சரக்கு போவதற்குப் பொருத்தமான சொல். தருமபுரி மாவட்டத்தில் கடத்தல் என்றால் முதலில் சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வரும். ஆளோடு சேர்த்துச் சொன்னால் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது. ஆனால் ஆட்களை விற்பதைத் தடுக்க 2000இல் வந்த ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறையும் சரி, 2013இல் திருத்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும் சரி, இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் சரி, எல்லை தாண்டியாக வேண்டும் என்று கேட்கவில்லை. ஏமாற்றி, மிரட்டி, ஆசை காட்டி ஒருவரைச் சேர்ப்பதோ, கொண்டுபோவதோ, அடைத்து வைப்பதோ சுரண்டுவதற்காக என்றால் அது குற்றம். அப்பாவே பேருந்து ஏற்றி விட்டிருந்தாலும் குற்றம்தான். “என்னை யாரும் கடத்தலயே, நானாதானே போனேன்” என்று சொல்லிப் புகார் கொடுக்காமல் திரும்பிய பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு தவறான சொல் அவரைக் காவல் நிலைய வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது. ‘டிராஃபிக்’ என்ற சொல்லின் வேரே வாணிபம்தான். ‘ஆள் வணிகம்’ என்று எழுதலாமே! “பொண்ண வித்துட்டானுங்க” என்றுதான் ஊரும் சொல்கிறது.

சரி, உயிர் பிழைத்தவருக்கு மாற்று என்ன? ‘உய்ந்தவர்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், குறளின் சொல். ஆனால் பாலக்கோடு சந்தையில் சொன்னால் கோயில் பிரசங்கம் என்று நினைப்பார்கள். புரியாத தூய்மையால் யாருக்கும் பயனில்லை. ‘பாதிக்கப்பட்டவர்’ மனுவுக்குச் சரி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே ‘அக்ரீவ்டு பெர்சன்’, அதாவது பாதிப்புக்கு ஆளானவர் என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. சட்டத்தின் முன் பாதிப்பைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வழக்கு முடிந்த பிறகும் ஒருவரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

‘மீட்கப்பட்டவர்’ என்பதில் எனக்குக் கோபமே வரும். அடகு நகையை மீட்கிறோம். நகைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அதிகாரிகள் சூளைக்குள் போய் ஆட்களை வெளியே கொண்டுவருவது மீட்பு, உண்மை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் கிடைப்பதும், மத்திய அரசின் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை கிடைப்பதும் பெரிய காரியங்கள். ஆனால் அந்தச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் பதறாமல் எழுந்து போய்த் திறக்கும் நாள் வரைக்கும் அந்தப் பெண் செய்யும் வேலை ஒன்று இருக்கிறதே, அது மீள்வது. அதை அவருக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

மீள் என்றால் திரும்புதல். ‘மீண்டும்’ என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதில் பிறந்ததுதான். சுந்தரர் இறைவனிடம் ‘மீளா அடிமை’ என்று பாடினார். அவர் பக்தியில் சொன்னார், ஆனால் அடிமை நிலைக்கு எதிர்ச்சொல் எது என்பதைத் தமிழ் அப்போதே வைத்திருக்கிறது பாருங்கள். காய்ச்சலிலிருந்து மீண்டாள், கடனிலிருந்து மீண்டோம் என்று எல்லாரும் பேசுகிறோம். விளக்கம் தேவையில்லை.

இன்னும் கணவன் வீட்டிலேயே இருப்பவரை எப்படி மீண்டவர் என்பது என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. தமிழின் வினையாலணையும் பெயர் காலம் காட்டும் என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. மீண்டவர், மீள்பவர். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் இந்த வேறுபாடே கிடையாது. நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு, அவர்களிடம் இருக்கும் ஒற்றைச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைக்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் ஏற்பாடு செய்தவர்களிடம் இதைச் சொன்னேன். அடுத்த பேனருக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘வீட்டில் அடி உதையா? வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டீர்களா? மீண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், வந்து பேசுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். கீழே பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. கொடுப்பதற்கு முன்னால் பென்னாகரத்து அக்காவிடம் காட்டினேன். இந்த முறை ஒரே தடவையில் படித்துவிட்டு, “எழுத்த இன்னும் பெருசா போடச் சொல்லுங்க” என்றார்.